வெயில் மாதப் படம்

பெய்யாவின் மேல் சல்வாவுக்கு இருந்த பொறாமை நேற்று முளைத்ததல்ல. அதை அவள் வீட்டுப் பூனையைப் போல வளர்த்து வந்தாள். வேளாவேளைக்குத் தீனி போடுவாள், மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பாள், வெளி ஆள் யாராவது வந்தால் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். கெலிபியா என்ற கடற்கரை ஊரில் அந்த இருவரையும் பார்த்தவர்கள், இப்படியும் ஒரு சிநேகிதம் உண்டா என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

இருவரும் துனிஸ் நகரத்தில் பள்ளிப் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து படம் வரைந்தவர்கள். சல்வா மனிதர்களை வரைவாள். மரம், செடி, பிராணியெல்லாம் பெய்யாவின் பங்கு. ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் கை வைப்பதும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அத்திமரத்தடியில் ஒரு சிறுமி உட்கார்ந்து ரொட்டி தின்கிற படம் அப்படி வந்ததுதான். சிறுமியின் விரல்களுக்காக மட்டும் சல்வா நாள்கணக்கில் மெனக்கெட்டாள். புத்தகம் அச்சாகி வந்ததும் முதலாளி பெய்யாவைக் கூப்பிட்டு, அந்த மரத்தைப் பார்த்தால் தனக்கே பசிக்கிறது என்று சொன்னார். பூனைக்குட்டி வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பெய்யா காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கியது ஒரு செடிப் புத்தகத்தால். குன்றுகளில் தானாக வளர்கிற செடிகளைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போட நினைத்தார்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைய அவளுக்குக் கை வரவில்லை. காலியான ஹரிஸா டப்பாக்களில், அந்த மிளகாய் விழுதின் வாசனை போவதற்குள்ளேயே, மண் நிரப்பி அலுவலக மொட்டை மாடியில் சிஸ்டஸ் வளர்த்தாள். கசக்கிய வெள்ளைக் காகிதத்தைப் பிரித்து வைத்தது போலப் பூக்கிற புதர் அது. ரோஸ்மேரி வைத்தாள், லாவெண்டர் வைத்தாள். மாடியைப் பார்த்த ஒருவர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஒரு நாள் பெய்யா தன் தூரிகைகளையெல்லாம் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, இனித் தோட்டம் போடுவதுதான் தன் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சல்வாவின் பொற்காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஹம்மாமெத்தில் ஒரு பல் மருத்துவர் வீட்டுக்குப் பெய்யா தோட்டம் வரைந்து கொடுத்தாள். படத்தில் வாதுமை பூத்திருந்தது, மல்லிகை பூத்திருந்தது, மாதுளை பழுத்து வெடித்திருந்தது. மருத்துவர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு வருடம் காத்திருந்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க படத்துல எல்லாரும் ஒண்ணா விருந்துக்கு வந்திருக்காங்க, மேடம். என் வீட்டுக்கு ஒருத்தர் போன பிறகுதான் இன்னொருத்தர் வர்றாங்க." புத்தகத்துக்குப் படம் போட்ட கை செய்த தப்பு. புத்தகப் பக்கத்தில் காலம் நகராது அல்லவா? இந்தக் கதையைச் சல்வா எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆனால் பெய்யா அந்தத் தப்பையே தொழிலாக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் தோட்டம் கேட்டு வந்தாலும், முதலில் அவள் காட்டுவது ஆகஸ்ட் மாதப் படம். அந்தக் கடற்கரையில் செடிகள் கோடையில்தான் தூங்கும். இலை சுருண்டு, நிறம் செத்து, தரையெல்லாம் பழுப்பாக, விறகுக்கட்டை மாதிரி நிற்கிற தோட்டத்தை அவள் வரைந்து நீட்டுவாள். "இது பிடிச்சா மத்த மாசமெல்லாம் பிடிக்கும். இது பிடிக்கலன்னா வேற ஆளப் பாருங்க" என்பாள். இதற்கு ஆள் சேருமா என்று சல்வா சிரித்தாள். சேர்ந்தது. பெய்யாவின் தோட்டங்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

சல்வா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான கெலிபியாவுக்கு வந்தபோது, மரியாதைக்காக ஒரு வார்த்தை, "நீயும் வந்துடேன்டி, பக்கத்துலயே இருக்கலாம்" என்று சொல்லி வைத்தாள். பெய்யா வந்தேவிட்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்தாள். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாட்டுக்குச் சல்வா வீட்டில் அவளுக்கும் ஒரு தட்டு என்று ஆயிற்று. சல்வாவின் கணவர் ஹெதி, நாற்பது வருடம் மனைவியின் படங்களைப் பார்த்து "நல்லாருக்கு" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டவர், பெய்யாவின் தொட்டிச் செடி முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். பூனை நன்றாகக் கொழுத்தது.

இத்தனையையும் சல்வா பொறுத்துக்கொண்டிருப்பாள். சுவர் விஷயம்தான் அவளால் தாங்க முடியாமல் போனது.

ஊர் நூலகத்துக்குப் பின்னால் ஒரு முற்றம். அதன் கிழக்குப் பக்கம் முழுக்க நீளமான வெள்ளைச் சுவர். சிறுமியாக இருந்தபோதே அந்தச் சுவரைப் பார்த்து விரலால் காற்றில் படம் போட்டவள் சல்வா. முற்றத்தைக் குழந்தைகளுக்காகச் சீர்படுத்த நூலகர் மொன்செஃப் யோசனை கேட்டபோது, அவள் துறைமுகம், படகுகள், மீன் கூடை சுமக்கும் பெண்கள், பட்டம் விடும் பிள்ளைகள் என்று சுவர் நீளத்துக்கு ஒரு படத்தைத் திட்டமிட்டு எடுத்துக்கொண்டு போனாள். பெய்யா ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ஆகஸ்ட் படம். பழுப்புக் குச்சிகள், சரளைக்கல், நடுவில் ஒரு ஒலிவ மரம், பின்னால் வெறுமையான சுவர்.

நூலகக் குழுவில் இருந்தவர்கள் சல்வாவின் படத்தைப் பார்த்து அழகு, அழகு என்றார்கள். பெய்யாவின் தாளைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சல்வாவுக்கும்தான். அதுதான் அவளைக் கொன்றது. செடியிடம் தோற்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவள் தோற்றது ஒரு படத்திடம், அதுவும் வரைவதை விட்டுவிட்டுப் போனவளின் படத்திடம்.

மழைக்காலத்தில், ஏற்கெனவே வளர்ந்திருந்த செடிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். வசந்தத்தில் முற்றம் முழுக்கக் கசங்கிய வெள்ளைப் பூ. பிள்ளைகள் சரளையில் உட்கார்ந்து படித்தார்கள். கோடை வந்தது. ஸ்ஃபாக்ஸில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று பெய்யா கிளம்ப வேண்டியிருந்தது. நூலகமும் ஆகஸ்டில் மூடியிருக்கும். முற்றத்துச் சாவியைக் கொண்டுவந்து சல்வாவின் கையில் வைத்தாள்.

"பூனை வந்து தோண்டாம பாத்துக்கோ. களை இருந்தா புடுங்கு. தண்ணி மட்டும் விட்றாதடி."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட. சூட்டுல மண்ணு நனைஞ்சா வேர் வெந்து அழுகிடும். பாக்கப் பாவமா இருக்கும். பாவம் பாத்தேன்னா செத்துடும்."

"இந்த வேலைக்கு ஹெதிய வச்சுக்கயேன். அவர்தான் உன் செடிக்குப் பக்தர்."

"அவரு உருகி ஒரு வாளி ஊத்திடுவாரு. நீதான் கல் மனசுக்காரி" என்று சிரித்துவிட்டுப் பெய்யா பேருந்து ஏறினாள்.

களை பிடுங்கத்தான் சல்வா போனாள். மதிய நேரம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. முற்றத்தின் கதவைத் திறந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். எதிரே பெய்யாவின் படம் இருந்தது. அந்தப் பழுப்பு, சுருண்ட இலையின் அந்தத் திருப்பம், சரளையில் விழுந்த அந்த நிழல், கோட்டுக்குக் கோடு அப்படியே. படம் கொஞ்சமாவது பொய் சொல்லியிருக்கும் என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். ஒரு கோடுகூடப் பொய்யில்லை.

அவள் போய்க் குழாயைத் திறந்தாள்.

தெரியாமல் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. யாராவது எட்டிப் பார்த்தால்கூட, வாடிய செடிக்குத் தண்ணீர் விடும் புண்ணியவதி என்றுதான் சொல்வார்கள் என்பது வரை யோசித்துத்தான் திறந்தாள். ரப்பர் குழாயில் முதலில் வந்த தண்ணீர் கையைச் சுட்டது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஈரப் பாவாடையைப் பார்த்துக் கடலுக்குப் போனாயா என்று ஹெதி கேட்டார். வியர்வை என்றாள்.

செடிகள் பச்சை பிடித்தன. சுருண்ட இலைகள் விரிந்தன. நான் வரைந்தால் இப்படித்தான் வரைவேன் என்று சல்வா நினைத்தாள். இரண்டு நாள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு மாதக் கடைசியில் களம் கழுவும் மழை வந்தது. அறுப்பு முடிந்த களத்து மேட்டைக் கழுவிவிட்டுப் போக வருடாவருடம் வருகிற மழைதான், இந்த முறை கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்ட சில நாளில் சிஸ்டஸ் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தது. லாவெண்டர் சாம்பலாயிற்று. ஒலிவ மரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பேத்தியின் புகைப்படங்களோடு பெய்யா திரும்பினாள். முற்றத்தில் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு புதரைப் பிடித்து இழுத்தாள். வேரோடு கையில் வந்தது. முகர்ந்து பார்த்தாள். அழுகல். மழை என்று மொன்செஃப் சொன்னார், மழை என்று ஹெதி சொன்னார். பெய்யா தலையாட்டவில்லை.

"மழை எல்லா எடத்துலயும்தான் பெஞ்சுது. என் சரிவு தப்பு. தண்ணி ஓடாம நின்னுருக்கு. காகிதத்துல சரிவு போட்ட கை, மண்ணுல போடத் தெரியல" என்றாள்.

அன்றிரவு சல்வா நன்றாகத் தூங்கினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நூலகம் திறந்ததும் மொன்செஃப் இருவரையும் கூப்பிட்டு, லல்லா என்று ஊர் வழக்கப்படி மரியாதை போட்டுக் காபி கொடுத்தார். முற்றத்துக்குச் சிமெண்டு போட்டுவிடலாம், சுவரில் படம் எழுதிவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தார். படகுகளுக்கு எந்த நீலம் என்பதைக்கூடச் சல்வா முடிவு செய்துவிட்டாள்.

"லல்லா பெய்யா, நீங்க ஒரு தாள் கொண்டுவந்தீங்களே, ஆகஸ்ட் படம்" என்றார் மொன்செஃப். "அதையே பெருசா சுவத்துல எழுதிடுங்களேன். செடிதான் போச்சு, படமாவது இருக்கட்டும். லல்லா சல்வா உதவிக்கு இருப்பாங்க. வர்ணம் கலக்க, ஏணி பிடிக்க."

பெய்யா காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள். பதிப்பகத்தில்கூட மறுபடி கூப்பிடுகிறார்கள், போகலாம் என்று இருக்கிறேன், படத்தில் செடி செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றாள்.

சல்வா கணக்குப் போட்டாள். சுவரும் அவளுக்கு. புத்தகமும் அவளுக்கு. மண்ணிலிருந்து துரத்தினால் இவள் காகிதத்துக்கு அல்லவா திரும்பி வருகிறாள்! அந்த அத்தி மரத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து எதிர் மேசையில் நட்டுவிட்டோமே என்று நினைத்தாள். அவளைத் தோட்டத்திலேயே கட்டிப்போட ஒரே வழிதான் இருந்தது.

"சரிவு சரியாத்தான் இருக்கு" என்றாள் சல்வா. "நான்தான் தண்ணி விட்டேன்."

மொன்செஃப் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பெய்யா நிமிர்ந்தாள்.

"எப்ப?"

"நீ போனதுல இருந்து. தினமும்."

"எந்த நேரத்துல?"

"மத்தியானம்."

"மத்தியானமா" என்று பெய்யா முனகினாள். பிறகு, சல்வா எதிர்பார்த்திருந்த அறையோ வசவோ வராமல், அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "அப்ப சரிவு தப்பில்ல" என்றாள். "மொன்செஃப், கேட்டீங்களா? சரிவு தப்பில்லயாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மகிழ்ச்சியையும் தானே அவளுக்குக் கொடுத்தோம் என்று சல்வாவுக்கு வயிறு எரிந்தது.

கோபம் வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது. பெய்யா கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தாள்.

"ஏன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும், அந்த மேசையில இருந்தே தெரியும். முதல் மழைக்குப் பிறகு மண்வெட்டியோட வந்து சேரு. நீ கொன்னத நீதான் நடணும்." அதன் பிறகு பல வெள்ளிக்கிழமைகள் கூஸ்கூஸ் தட்டு ஒன்று மிச்சமாகவே இருந்தது. ஹெதி காரணம் கேட்டார். சல்வா சொன்னாள். தொப்பியைக் கழற்றுகிற மனிதர் அன்றைக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பரில் மண் நனைந்தது. சல்வா மண்வெட்டியோடு போனாள். குழி தோண்டினாள். கட்டைவிரல் உயரச் செடிகளை நட்டாள். இருவரும் அவசியத்துக்குத்தான் பேசினார்கள். எப்போது பூக்கும் என்று ஒருமுறை கேட்டாள். வருகிற வசந்தமில்லை, அதற்கடுத்தது என்று பதில் வந்தது. சுவரைப் பற்றிக் கடைசியில் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப சுவத்துல ஒண்ணுமே கிடையாதா?"

"அங்கதான் இருக்கே, பாரு" என்றாள் பெய்யா, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

சாய்ந்த வெயில் முற்றத்துக்குள் வந்திருந்தது. ஒலிவ மரத்தின் நிழல் வெள்ளைச் சுவர் முழுக்க விழுந்து, காற்றுக்கு அசைந்து, இலைக்கு இலை மாறி மாறித் தன்னைத்தானே வரைந்துகொண்டிருந்தது. மரத்தை எங்கே நட்டால் நிழல் எங்கே விழும் என்று பார்த்துத்தான் அந்த இடத்தில் வைத்திருக்கிறாள். ஆகஸ்ட் படத்தில் சுவரை வெறுமையாக விட்டது அதற்காகத்தான்.

சல்வா மண் கையோடு பார்த்துக்கொண்டே நின்றாள். சூரியன்கூட இவளுக்குத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தாள். பிறகு திரும்பி, பெய்யா தோண்டிய குழியையும் தன் குழியையும் ஒப்பிட்டாள். அவளுடையது வட்டமாக இருந்தது. தன்னுடையதன் ஓரத்தை மண்வெட்டி நுனியால் செதுக்கத் தொடங்கினாள்.