பதில் சொல்லக்கூடிய திட்டு

புளிப்புப் பழங்களை இனி வாங்கமாட்டோம் என்று காமயகவுண்டன்பட்டி திராட்சை விவசாயிகள் கம்பெனியின் மேலாளர் வேல்விழி அறிவித்ததும், வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய சேலையையும் நடையையும் சந்திக்கு இழுத்துவிட்டார்கள். இந்த வேலையே வேண்டாமென்று அவள் பையை எடுத்தபோது, தன் தோட்டத்துச் சரக்கு திரும்பி வந்த கோபத்தோடு விவசாயி மூக்கம்மாள் உள்ளே நுழைந்தாள். போனை வாயருகே பிடித்துக் குழுவுக்கே பேசினாள்.

“ஏலே, போன வருசம் மேனேசரா இருந்த திலீபன் இதையே சொன்னப்ப கம்பெனியத்தான வஞ்சீக? எவனாச்சும் அவன் வேட்டியப் பத்திப் பேசுனீகளா?”

போனை இறக்காமலே வேல்விழி பக்கம் திரும்பினாள். “அதுக்காக ஒன்னய விட்டுருவேன்னு நெனைக்காத, ஆத்தா. ஓயாத மழையில பழம் எங்கிட்டு இனிக்கும்? ஒரு வாரம் தவணை குடு.”

வேல்விழிக்கு வந்த திட்டுகளிலேயே பதில் சொல்லக்கூடிய முதல் திட்டு அது. பையைக் கீழே வைத்தாள்.

“உக்காருங்கக்கா, பேசுவோம்.”

குழுவில் அடுத்து வந்த குரல் மழையைப் பற்றிப் பேசியது.