ஃபிரடியின் நாடித்துடிப்பு

கோட்டைக் கழற்று என்று பெண்கள் நாலு பேர் சுற்றி நின்று கெஞ்சியும் ஜோவிதா விடவில்லை. நேற்று கம்பெனியிலிருந்து ஓடிவந்தபோது போட்டிருந்த முழுக்கை வெள்ளைக் கோட்டு. ஷாமியானாவுக்குள் அனல் அடிக்கிறது, சவப்பெட்டியில் புருஷன் ஃபிரடி கிடக்கிறான், இவளுக்குக் கோட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நாத்தனார் ஷாலின் வெள்ளைப் புடவையும் கையுமாக நின்று அலுத்துப் போனாள். பிடித்து இழுத்தால் ஜோவிதா கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கோட்டுக்குள்ளே மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று ஃபிரடியுடையது. அதைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை, காட்டவும் துணிவில்லை.

ஒரகடத்தில் இருவரும் வேலை பார்த்த கம்பெனியில் போன கோடையில் வந்த ஏற்பாடு அது. வருஷா வருஷம் வெயில் ஏறுகிறதாம், அதற்குக் கம்பெனி வழி பண்ணுகிறதாம். வார்ப்புக் கூடத்துக் கூரையை உயர்த்தலாம், பெரிய காற்றாடிகள் போடலாம், அதெல்லாம் செலவாயிற்றே. ஆளுக்கொரு கைப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். உடம்புச் சூட்டையும் நாடியையும் அது ஆபீசுக்குச் சொல்லும். சூடு மிஞ்சினாலோ நாடி தப்பினாலோ சிவப்பு எரியும், பாதுகாப்பு அதிகாரியின் செல்போன் அலறும், ஆளை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அரைச் சம்பளம்தான், ஓ.டி. கிடையாது. இதைக் காட்டி விருது வேறு வாங்கிவந்து வாசலில் மாட்டினார்கள்.

ஃபிரடிக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை சிவப்பு எரிந்தது. உருகிய அலுமினியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறென்ன எரியும்? "நீ ஏசி ரூம்லதானே கீற, என்னுதையும் நீயே கட்டிக்கோ" என்று ஒருநாள் கழற்றிக் கொடுத்தான். படப்பையில் வாங்கிப் போட்ட மனைக்குத் தவணை இருந்தது. அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் மட்டுமா? தம்பி, மச்சான், தங்கச்சி என்று உள்ளே ஆள் இருந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். வார்ப்புக் கூடத்தில் பாதிப் பேருடைய நாடி, ஜோவிதா வேலை பார்த்த சோதனைப் பிரிவின் ஏசி அறையில் துடித்துக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் அவன் அங்கே சுருண்டு விழுந்தபோது இவள் கையில் பச்சை எரிந்தது. கம்பெனி டாக்டர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார். உடம்புச் சூடு கடைசிவரை சரியாகத்தான் இருந்திருக்கிறது, வெயில் காரணமில்லை என்று பாதுகாப்பு அதிகாரி புருஷோத்தமன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வெயில் இல்லையென்றால் வேறென்ன? வாட்டசாட்டமான ஆள் சும்மா விழுவானா? விடிவதற்குள் பிள்ளைப்பாக்கம் ஊரே குடிதான் என்று முடிவு பண்ணிவிட்டது. மாமியார் அன்னபுஷ்பம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "குடிய வுட்டுட்டேன்னு சொன்னியேடா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா" என்று மகனைக் கேட்டுக் கேட்டு அழுதாள். பாஸ்டரும் ஜெபத்தில், வாலிபரைக் கெடுக்கும் பழக்கங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

மூன்று வருஷமாக ஒரு சொட்டு தொடாத மனுஷன். ஆனால் ஜோவிதா வாய் திறந்தால், பட்டையைக் கட்டியிருந்தது யார் என்று கேட்பார்களே. நானே கொன்றுவிட்டேன் என்றுதான் அவளுக்கே தோன்றிக்கொண்டிருந்தது.

புருஷோத்தமன் மாலையோடு வந்தார். பெட்டியில் வைத்துவிட்டு, அவளைத் தண்ணீர் டிரம் பக்கம் தனியே கூப்பிட்டார்.

"ஜோவிதா, கோவப்படாம கேளும்மா. சிஸ்டத்துல உன் வீட்டுக்காரர் இன்னும் உயிரோடதான் இருக்காரு. ராத்திரி பூரா பல்ஸ் ஓடியிருக்கு. இப்ப நூத்திருபது காட்டுது."

அவள் கோட்டின் கைகளை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. அடக்கம் முடிஞ்சதும் கழட்டி எங்கிட்ட குடுத்துடு, நான் பாத்துக்கறேன். மாரடைப்பு மாரடைப்பாவே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா உனக்கு வர்ற பணமும் வராது, வேலையும் போயிடும்."

தன் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை.

"அவரு குடிச்சாருன்னு சொல்றாங்களே சார்."

"அத நாங்க சொல்லலியேம்மா."

சொல்லவில்லைதான். ஊர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஜோவிதா பெட்டியிடம் திரும்பி வந்து, எல்லோரும் பார்க்கக் கோட்டைக் கழற்றிப் போட்டாள். தன் இடது கையிலிருந்த பட்டையை அவிழ்த்து, ஃபிரடியின் விறைத்த கையைத் தூக்கி, அவன் மணிக்கட்டில் கட்டினாள்.

"அது இன்னாம்மா?" என்றாள் அன்னபுஷ்பம்.

"இவரு பேண்டு அத்தை. இவரு கையில இருந்திருந்தா நேத்தே வெளிய அனுப்பியிருப்பாங்க. நான் கட்டிகினு இருந்தேன். இவரு குடிக்கல."

பெட்டியைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டு நின்றுவிட்டது. அன்னபுஷ்பம் எழுந்து மருமகளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அப்புறம் குனிந்து, மகனின் முகத்தை முந்தானையால் மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஃபிரடியின் கையில் சிவப்பு எரிய, புருஷோத்தமனின் செல்போன் அலறியது. பதறிப்போய் எடுத்து அமுக்கினார். நிற்கவில்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்காதபடி அதைச் செய்துவைத்திருந்தார்கள். திரை முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் படித்தார்கள்.

'தொழிலாளி ஃபிரடியை நிழலுக்கு மாற்றிவிட்டீர்களா?'

ஷாமியானாவுக்குக் கீழே, அத்தனை பேர் பார்க்க, அவர் கட்டைவிரலால் 'ஆம்' என்பதைத் தொட்டார்.