கண்றாவி டிராயர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். வியாழக்கிழமை மாலையே ஸ்டோர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை விட்டு வந்தவள் தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்காமல் ஹாலில் கிடந்த மூன்று நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு நடுவில் இழுத்துப் போட்டாள். திருப்தியில்லை, மறுபடியும் சுவரோரம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அடுக்கிய கையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கைப் பதினாறு வருடமாக ஆள்கிறவள் அவள். ரேக்குக்கு ஒரு எழுத்து, தட்டுக்கு ஒரு எண். முதலில் காலாவதியாகிற மருந்து முன்னால், பிந்தி ஆகிறது பின்னால். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று சொல்லிவிடுவாள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஸ்டோர் அக்காதான்.

அந்த வித்தையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஹால் என்றால் 'க', படுக்கையறை 'ச', சமையலறை 'த', பின்பக்கச் சின்ன அறை 'ப'. தினமும் எடுக்கிற பொருள் கைக்கு எட்டுகிற உயரத்தில், வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கிறது பரண்மேல், கனமானது தரையோரம். ஒரு புதுச்சட்டை உள்ளே வந்தால் ஒரு பழஞ்சட்டை வெளியே போக வேண்டும். சாவிக்கு வாசலருகே ஒரு கொக்கி, குடைக்கு அதன் கீழே ஒரு கொக்கி. எல்லாவற்றுக்கும் கிடங்கில் ஒட்டுகிற அதே வெள்ளை லேபிள். சோப்புகூட வாங்கிய தேதி வரிசையில்தான் குளிக்கப் போகும்.

"எனக்கும் வயசாயிட்டே போகுது, என்னை எந்த ரேக்குல வைக்கப்போற?" என்று அவள் புருஷன் கேட்பார். அவர் மிக்சி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற மெக்கானிக். தெருமுனையில் சின்னதாக ஒரு கடை.

"உங்களுக்கு எக்ஸ்பைரி எப்பவோ முடிஞ்சாச்சு. இரக்கப்பட்டு வெச்சிருக்கேன்" என்பாள் அவள்.

சிரிப்பு அவ்வளவுதான். அடியில் இருந்தது வேறு. மூன்று வருடத்துக்கு முன்னால், பெற்றெடுக்கக் கொடுத்து வைக்கவில்லை, வளர்க்கவாவது செய்வோம் என்று தத்தெடுக்க எழுதிப் போட்டார்கள். ஒரு நாள் அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அன்றைக்கென்று பார்த்து மெக்கானிக் ஹால் நடுவே ஒரு வாஷிங் மெஷினைக் குடல்வேறு தோல்வேறாகப் பிரித்துப் போட்டிருந்தார். அதிகாரிக்கு உட்கார இடமில்லை. எண்ணெயில் கால் வைத்து வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றார். 'வீட்டில் ஒழுங்கு போதாது' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மூன்று சொல்லில் அவர்களுடைய கோப்பு மூன்று வருடம் தூங்கியது. அவள் தூங்கவில்லை, அடுக்கினாள்.

இப்போது கோப்பு விழித்திருக்கிறது. போன மாதம் குழந்தைகள் இல்லத்தில் பட்டாணியைக் காட்டினார்கள். ஆறு வயது. ஆள் சின்னதாக, உருண்டையாக இருப்பதால் அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கையை மட்டும் இறுக மூடி வைத்திருந்தது. ஸ்டோர் அக்கா ஆசையாக அந்தக் கையைத் தொடப் போனாள். குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

"நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா மட்டும் போதாது. வீட்டைப் பார்த்துட்டு அவளும் வர்றேன்னு சொல்லணும். அவ வாயே தொறக்கலைன்னா நான் என்னன்னு எழுதுவேன்?" என்றார் இல்லத்து மேடம்.

அன்றிலிருந்து ஸ்டோர் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. சின்ன அறையைத் துடைத்து, அலமாரியும் கட்டிலும் வாங்கிப் போட்டு, ப-1 உடை, ப-2 புத்தகம், ப-3 பொம்மை என்று ஒட்டினாள். பொம்மையைப் பெட்டியிலிருந்து பிரிக்கவில்லை, தூசி படியும். சுவரில் குழந்தை உயரத்துக்கு ஒரு கொக்கி, அதில் மஞ்சள் துண்டு, மேலே ப-4.

வெள்ளிக்கிழமை மீதியிருந்தது ஒன்றே ஒன்றுதான். டிவி மேசையின் கீழ் டிராயர். கல்யாணமான புதிதில் நடந்த ஒரு பெரிய சண்டையின் சமாதான ஒப்பந்தம் அது. வீடு முழுக்க அவள் இஷ்டம், அந்த ஒரு டிராயர் மட்டும் அவர் இஷ்டம். அவள் அதற்கு எண் கொடுக்கவில்லை. கண்றாவி டிராயர் என்று பெயர் கொடுத்தாள். ஸ்குரூ, ஸ்பிரிங், சைக்கிள் மணியின் மூடி, பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம், சிண்டு பிடித்துக்கொண்ட வயர்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத பதினோரு சாவி.

"இந்தச் சாவியெல்லாம் எதுக்குங்க?"

"தெரியாது. ஒரு நாள் பூட்டு வரும்."

"பூட்டு வராது, நாளைக்கு மேடம்தான் வருவாங்க. தொறந்து பார்த்தாங்கன்னா?"

"அடுத்தவங்க வீட்டு டிராயரையா தொறந்து பார்ப்பாங்க?"

"போன தடவை வந்தவரு குளியலறை வாளியவே கவுத்துப் பார்த்தாரு. மறந்துபோச்சா?"

அவளே எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கொட்டி, கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி நீட்டினாள். அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். காலி டிராயரின் அடியை அவள் இரண்டு தடவை துடைத்தாள். எண் ஒட்டலாம் என்று பார்த்தால் வைக்கப் பொருளில்லை.

சனிக்கிழமை ஏழு மணியிலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேடம் வந்தார், கையில் கோப்பு. இன்னொரு கையில் பட்டாணி. குழந்தையின் இடது கை அன்று போலவே மூடியிருந்தது.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த குழந்தை, பாலையும் பிஸ்கட்டையும் பார்த்தது, தொடவில்லை. மெக்கானிக் தன் மூக்கைப் பிடித்து மிக்சி சத்தம் போட்டுக் காட்டினார். அது பாவமாக அவரைப் பார்த்தது. பதற்றம் வந்தால் சிலர் வாயடைத்துப் போவார்கள். ஸ்டோர் அக்கா வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கிவிடுவாள்.

"உப்பு த-2ல இருக்கு மேடம். ஊசி நூல் க-7. கரண்ட் போனாக்கூட இருட்டுல எடுத்துடலாம். எதையும் தேட வேண்டியதே இல்ல."

"ம்" என்றார் மேடம். ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு 'ம்'தான் விழுந்தது. கோப்பில் எதையும் எழுதவில்லை. அவள் இன்னும் வேகமாகப் பேசினாள். பரண், மருந்துப் பெட்டி, காலணித் தட்டு. பட்டாணி சத்தமில்லாமல் பின்னாலேயே வந்தது, எதன்மேலும் பட்டுவிடாமல், நடுவழியாகவே நடந்து. இந்த வயதில் எந்தக் குழந்தை அப்படி நடக்கும்? அவளுக்கு அது ஏனோ நெருடியது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை, இன்னும் சின்ன அறை பாக்கி.

"இது உன் ரூம்" என்றாள் சின்ன அறை வாசலில்.

பட்டாணி அலமாரியைப் பார்த்தது. பெட்டிக்குள் நின்ற பொம்மையைப் பார்த்தது. பிறகு கொக்கியின் அருகே போய், வலது கையால் மஞ்சள் துண்டின் ஓரத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடியது. நான்கு முனையையும் பார்த்தாகிவிட்டது. நிமிர்ந்தது, லேபிளைப் பார்த்தது. அப்புறம்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"அங்க எனக்கு இருபத்தி மூணு. இங்க என் நம்பர் ப-4ஆ?"

மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "முப்பது பிள்ளைங்க. துண்டு, தட்டு, கட்டில் எல்லாத்துலயும் நம்பர் தைச்சிருப்போம். இல்லேன்னா சமாளிக்க முடியாதும்மா."

ஸ்டோர் அக்காவுக்கு முகத்தில் சூடு ஏறியது. அவமானம் என்றுதான் அதற்குப் பெயர். மூன்று வருடம் ராப்பகலாக அடுக்கி, குழந்தை தப்பித்து வர வேண்டிய இடத்தையே அவள் இங்கே இன்னொரு தடவை கட்டி வைத்திருக்கிறாள். மருந்துக் கிடங்கில் பொருள் தொலையாமல் இருக்கத்தான் எண். வீட்டில் எது தொலைந்துபோகும் என்று இவ்வளவு பயந்தாள்?

"உனக்கு நம்பரே கிடையாதுடா கண்ணு" என்றாள். கை சும்மா இருக்குமா? போய் லேபிளைப் பிடித்து உரித்தாள்.

அது வரவில்லை. ஈரத்திலும் குளிரிலும் உரியாத பசை, அவளே கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டித் தேர்ந்தெடுத்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு மூலை கிழிந்து, 'ப' மட்டும் போய், 4 அப்படியே நின்றது. மேடம் பார்க்கிறாரே என்ற நினைப்பு வந்தது, போனது. சுரண்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இன்னொரு சின்ன நகம் வந்து சேர்ந்தது. ஒட்டியதை உரிக்கக் குழந்தைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒற்றைக் கையாலேயே மும்முரமாகச் சுரண்டியது.

"நகம் போயிடும். சுரண்டுற தகடு ஒண்ணு இருக்கு, இருங்க" என்று மெக்கானிக் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அந்தத் துணிப்பை. கடைக்குப் போகவே இல்லை அது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே ராத்தங்கியிருக்கிறது. தகடு பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. அவர் பொறுமையில்லாமல் மொத்தத்தையும் தரையில் கவிழ்த்தார், இல்லத்து மேடத்தின் காலடியில்.

நேற்றாக இருந்தால் அவளுக்கு உயிரே போயிருக்கும். இன்றைக்கு அவள் குழந்தையைத்தான் பார்த்தாள். வட்டக் காந்தம் உருண்டு போய் ஸ்குரூக் கும்பலில் நின்றதும், சடசடவென்று ஏழெட்டு ஸ்குரூ அதன்மேல் ஏறிக்கொண்டன. பட்டாணி அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"இது ஏன் ஒட்டுது?"

"அதுக்குப் பசி" என்றார் மெக்கானிக்.

"இந்தச் சாவி எதுக்கு?"

"தெரியாது. பூட்டு வந்தாத்தான் தெரியும்."

"பூட்டு எப்ப வரும்?"

"அதத்தான் நானும் பதினஞ்சு வருஷமா கேக்கறேன்" என்றாள் ஸ்டோர் அக்கா. மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் புடவையை ஒதுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். லேபிளை எல்லோரும் மறந்துபோனார்கள். மணி பதினொன்றாகி, பால் ஆறிப்போய் ஆடை கட்டியது. சைக்கிள் மணி மூடியை ஸ்பிரிங்கால் தட்டித் தட்டி வீட்டையே இரண்டாக்கியது குழந்தை.

"இதெல்லாம் எங்க வைப்பீங்க?" என்று கடைசியில் கேட்டது.

ஸ்டோர் அக்கா ஹாலுக்குக் கூட்டிப்போய்க் காலி டிராயரை இழுத்துக் காட்டினாள். "இங்கதான்."

"நம்பர்?"

"இதுக்கு நம்பர் இல்ல. இது பேரு கண்றாவி டிராயர்."

பட்டாணி "கண்றாவி" என்று சொல்லிப் பார்த்தது. இன்னொரு தடவை சொன்னது. பிறகு குபுக்கென்று சிரித்தது. மெக்கானிக்கும் வந்து சேர, மூவருமாகச் சின்ன அறையிலிருந்து அள்ளிவந்து போட்டார்கள், எது மேலே எது கீழே என்றில்லாமல். எல்லாம் போட்டு முடிந்ததும் பட்டாணி டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் இடது கையைத் திறந்தது.

உள்ளங்கையில் ஒரு நீலப் பட்டன். வியர்வையில் பளபளத்தது.

"இது மைதானத்துல நானே கண்டெடுத்தேன். இதுல நம்பர் இல்ல. அங்க வைக்க எடம் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க வைக்கவா?" என்று கேட்டது.

ஸ்டோர் அக்கா தலையாட்டி, டிராயரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தாள். குழந்தை பட்டனைச் சாவிகளுக்கு நடுவே வைத்து, டிராயரைத் தானே தள்ளி மூடியது.

கிளம்பும்போது வாசலில் மேடம் நின்றார். "பட்டாணி, பட்டனை எடுத்துக்கலையா?"

"இருக்கட்டும். வந்து எடுத்துக்கறேன்."

மேடம் நின்ற வாக்கிலேயே கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். "மேல ரெண்டு கையெழுத்து வாங்கணும். புதன்கிழமை போன் பண்றேன்" என்றார். ஸ்டோர் அக்கா எட்டிப் பார்க்கவில்லை. அவள் கண் தெருவில் இருந்தது. முனை திரும்புகிற இடத்தில் பட்டாணி திரும்பி நின்று கை ஆட்டியது. இரண்டு கையையும் விரித்து ஆட்டியது.

புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் கிடக்கிறது. உள்ளே வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. நாற்காலியை நகர்த்தப் போனாள், விட்டுவிட்டாள். தகட்டை எடுத்துச் சின்ன அறையில் மிச்சமிருந்த 4ஐச் சுரண்டி எடுத்தாள். பொம்மையைப் பெட்டியிலிருந்து பிரித்துக் கட்டிலில் போட்டாள். அப்புறம் போய் டிராயரைத் திறந்து பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போய்த் திறந்தாள்.

"என் டிராயரை இப்ப யாரு கெளர்றதாம்?" என்றார் மெக்கானிக்.

"சும்மா இருங்க" என்றாள். மாலைக்குள் ஏழு தடவை திறந்து பார்த்தாள். பட்டன் இருந்தது.