கடலுக்கு முன்னால் மங்களம்

“டமார்!”

ஆயர் தாவாரைத் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்தது. மோட்டார் சைக்கிள் இடமும் வலமுமாக ஆடி, சாலையோரப் புல்லில் இறங்கி, ஒரு செம்பனை மரத்துக்கு முழம் தள்ளி நின்றது. மங்களம் ஒரு கையால் கணவனின் இடுப்பையும், மறுகையால் மடியிலிருந்த டிபன் பெட்டியையும் இறுகப் பிடித்திருந்தாள்.

சதாசிவம் முதலில் தொட்டுப் பார்த்தது கழுத்தில் தொங்கிய கேமராவைத்தான்.

“நல்ல வேளை, ஒன்னும் ஆகல,” என்றான்.

“எனக்கும் ஒன்னும் ஆகலைங்க,” என்றாள் மங்களம்.

அவன் அசடு வழிந்துகொண்டே குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். “டியூப் கிழிஞ்சு போச்சு. இத மாத்தி, தெலுக் பாத்திக் போய்ச் சேர்றதுக்குள்ள வெளிச்சம் போயிரும். சுசா லா, ரொம்பக் கஷ்டம். ஈப்போவுக்கே திரும்பிரலாம்.”

“வண்டியத் தள்ளுங்க. அந்த முக்குல ஒரு கடை தெரியுது. இன்னைக்குக் கடலப் பாக்காம நான் வீட்டுக்கு வர மாட்டேன்.”

சதாசிவம் அவளை வியப்போடு பார்த்தான். கடல் கடல் என்று பறக்கிறவன் அவன். முதுகு வலிக்கிறது, வெயில் சுடுகிறது என்று முனகுகிறவள் அவள். இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு? போதாக்குறைக்கு, மோட்டார் சைக்கிளில் வருவதற்கு அரக்குப் பட்டுச்சேலை வேறு கட்டியிருக்கிறாள்.

மங்களம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் புறப்பட்டிருக்கவே மாட்டான்.

வருகிற வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து கப்பல் புறப்படுகிறது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா அதில் ஊருக்குப் போகிறாள். அவள் போகிற ஊரில்தான் மங்களத்தின் அம்மா இருக்கிறாள். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்றானபோது, கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியவள். அதோடு ஏழு வருஷம் ஓடிவிட்டது. மங்களத்தின் கல்யாணத்துக்கும் படம் கிடையாது. அறுபத்தொன்பதில், கலவர ஊரடங்குக் காலத்தில், நாலு பேரைக் கூட்டி அவசர அவசரமாகத் தாலி கட்டிய கல்யாணம் அது. படம் பிடிக்க யார் வருவார்கள்?

போன மாதம் ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் அம்மாவின் வார்த்தையைக் கொண்டுவந்தார்: “மருமவன் கேமரா வச்சிருக்காராமே! அவரு கையால எம்மவள ஒரு படம் புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. மொகமே மறந்து போவுது.”

மருமகனிடம் கேமரா இருந்தது உண்மைதான். பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிற வேலை ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேமராவுக்கு. ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டங்கள், மழை பெய்து ஓய்ந்த பழைய டவுன் தெரு, கோலா கங்சாரின் தங்கக் குவிமாடப் பள்ளிவாசல், தைப்பிங் ஏரியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் மரங்கள், வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கும் சுண்ணாம்பு மலை... எல்லாம் ஆல்பத்தில் இருந்தன. மங்களம் இல்லை. மங்களம் என்ன, மனித வாடையே இல்லை.

“கொஞ்சம் தள்ளு, மங்களம்.” ஞாயிறு தவறாமல் அவள் கேட்கும் வார்த்தை அது. ஒருமுறை பேராக் ஆற்றங்கரையில் எடுத்த படத்தின் ஓரத்தில் அவள் குடையின் நுனி விழுந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து அந்த நுனியை நறுக்கிவிட்டுத்தான் ஆல்பத்தில் ஒட்டினான்.

அன்று ராத்திரி மங்களம் நிலைக்கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். எடுப்பான பல். கறுத்த முகம். சரிதான், நாம் நின்றால் படம் கெட்டுத்தான் போகும் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

“சீனக் கடை ஸ்டூடியோவுல போயி எடுத்துக்கடி,” என்றாள் கருப்பம்மாள். “பின்னால மலை, அருவியெல்லாம் திரையில வரைஞ்சு வச்சிருக்கான்.”

“வீட்டுல கேமராக்காரன வச்சுக்கிட்டு நான் ஏன்க்கா திரைக்கு முன்னால போய் நிக்கணும்?” என்று அன்றைக்குக் கிளம்பிய வீம்பு, இன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது.

முக்குக் கடைக்காரன் பெயர் அந்தோணிமுத்து. காலையில் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சக்கரத்தைப் பிரித்தான்.

“என்னக்கா, கல்யாண வீட்டுக்கா?”

“இல்ல தம்பி. படம் புடிக்க.”

“அட! அக்காவப் படம் புடிக்கத்தான் அண்ணன் இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தாரா? என் பொண்டாட்டி கேட்டா என்னைய உண்டு இல்லன்னு பண்ணிருவா.”

“கடலப் படம் புடிக்க,” என்று அவசரமாகத் திருத்தினான் சதாசிவம்.

“கடல் எங்கண்ணே ஓடிப் போவுது?” அந்தோணிமுத்து சிரித்துக்கொண்டே டியூபை மாட்டிக் காற்றடித்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போனவன், தூங்கி எழுந்த கைக்குழந்தை ஒன்றோடு திரும்பி வந்தான். “எம்மவ. போன மாசம்தான் ஞானஸ்நானம் குடுத்தோம். ஒரே ஒரு படம் அண்ணே. கூலியே வேணாம், இந்த டியூப் என் பெலாஞ்சா லா!”

குழந்தை பொக்கை வாயைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தது. சதாசிவத்தின் முகம் சட்டென்று வெளுத்தது. இரண்டடி பின்னால் போனான்.

“ஃபிலிம் தீந்துருச்சு தம்பி,” என்றான். காசை மேசைமேல் வைத்துவிட்டு வண்டியை உதைத்தான்.

மங்களம் திகைத்துப் போனாள். புது ஃபிலிமைக் காலையில்தான், அவள் கண் முன்னால், போர்வைக்குள் கையை விட்டு மாட்டினான். ஏன் இந்தப் பொய்? எடுப்பான பல்லுக்குப் பயந்தால் சரி. பல்லே முளைக்காத பச்சைக் குழந்தைக்கு என்ன பயம்? அவள் இத்தனை நாள் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த இடத்தில் உதைத்தது. வழி நெடுக யோசித்தும் விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

தெலுக் பாத்திக் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வழக்கம்போலச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, சதாசிவம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினான். பாறையை எடுத்தான். கவிழ்ந்து கிடந்த படகை எடுத்தான். மண்டியிட்டு, நண்டு போட்ட கோலத்தை எடுத்தான்.

மங்களம் நிதானமாகத் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையை வாரினாள். டிபன் பெட்டியைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகையை எடுத்துச் சூடிக்கொண்டாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். நேராக நடந்து போய், சூரியனைக் குறிபார்த்துக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளு, மங்களம்.”

“தள்ள மாட்டேன்.”

அவன் வலது பக்கம் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். இடது பக்கம் போனான். அவளும் வந்தாள். சவுக்கு மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம், சோற்றை மறந்து வேடிக்கை பார்த்தது.

“என்ன விளையாட்டு இது? வெளிச்சம் போவுது!”

“போனா போவட்டும். எங்கம்மாவுக்கு என் படம் வேணும். வெள்ளிக்கெழமை கருப்பம்மாக்கா கப்பல் ஏறுறாங்க. புடிச்சீங்கன்னா வண்டிச் சாவி. இல்லன்னா ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் பண்ணலாம்.”

“நாளைக்கே ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லா வெளக்கு போட்டு...”

“அம்மா கேட்டது மருமவன் புடிச்ச படம். எம் மூஞ்சி புடிக்கலன்னா நேரா சொல்லிருங்க. பல்லு எடுப்பு, நெறம் கம்மி, நீ நின்னா படம் கெட்டுரும்னு வாயத் தொறந்து சொல்லிருங்க. நான் கேட்டுக்கிறேன்.”

“யாரு சொன்னா அப்படி?” அவன் பதறிப் போனான்.

“யாரு சொல்லணும்? இத்தன வருசமா தள்ளு, தள்ளுன்னு நீங்கதான சொல்றீங்க!”

ஒரு அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுத் திரும்பியது. பட்டுச்சேலையின் கரை ஈரமாகி மணல் அப்பிக்கொண்டது. மங்களம் அசையவில்லை.

அவன் மெல்லப் பின்னால் நடந்தான். ஓடிவிடப் பார்க்கிறானா? இல்லை. நாலு எட்டு வைத்து நின்று, கேமராவை உயர்த்தினான்.

மங்களம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். உதட்டை மூடி, பல் தெரியாமல் புன்னகைக்க வேண்டும் என்று வீட்டில் பழகிக்கொண்டு வந்திருந்தாள். அதன்படி உதட்டை மூடினாள். ஆனால் எதிரே கேமரா ஆடியது. ஈப்போ பக்கத்துத் தாம்பூனில் ஒரு மீன்கொத்திக்காக அரை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கை, இப்போது காய்ச்சல்காரன் கை போல ஆடியது. அவன் கேமராவை இறக்கி, சுத்தமாக இருந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். மறுபடியும் உயர்த்தினான். மறுபடியும் ஆடியது.

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழகி வந்த புன்னகையும் போய்விட்டது.

“என்னங்க, ஏன் இப்படி நடுங்குறீங்க? நான்தானே நிக்கிறேன்?”

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

“கல்யாணத்துக்கு முந்தி சுங்காய் தோட்டத்துல இருந்தப்ப, சாவு வீட்டுக்கு மட்டும்தான் என்னைய படம் புடிக்கக் கூப்புடுவாங்க, மங்களம். நான் புடிச்ச ஒருத்தருக்கும் கண்ணு தொறந்திருந்ததில்ல... நீ கண்ண மூடிராத.”