பிளம்ஸ் மரம் வீடு பார்க்க வந்தது

தை கழிந்ததும் பிளம்ஸ் மரங்கள் பூப்பதற்கு முன்னால் வீடு பார்க்க வரும். கொடைக்கானலில் அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். தோட்டத்திலிருந்து எழுந்து, வேரில் ஒட்டிய மண்ணை வாசலில் தட்டிவிட்டு, முன்னறையில் வந்து உட்காரும். கேசரி, பஜ்ஜி சாப்பிட்டு நாலு வார்த்தை பேசும். பிடித்திருந்தால் அங்கேயே பூக்கும். இல்லாவிட்டால் மரம் இங்கே நிற்கும், பூ பக்கத்து வீட்டில் பூக்கும். அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை.

எமரன்சியா வீட்டு மரம் இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் துணிக்கொடியில்தான் பூத்தது. எல்லாம் எமரன்சியாவின் புருஷன் தோபியாஸ் செய்த வேலை. முதல் வருஷம் மரத்துக்கு ரொட்டியில் பிளம்ஸ் ஜாம் தடவிக் கொடுத்தான். மறு வருஷம் மர நாற்காலியில் உட்காரச் சொன்னான். மனுஷனுக்குப் புத்தி வேண்டாமா? ஜெசிந்தா நல்ல மனசோடு கிண்ணம் நிறையப் பழம் கொடுத்தனுப்பினாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. எமரன்சியாவுக்குப் பழம் பெரிதில்லை. கல்யாணமான வருஷம் தன் கையால் நட்ட மரம், அது பூப்பதைத் தன் வாசலில் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொன்ன மரம் அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

இந்த வருஷம் பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டார்கள். தோபியாசுக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. மரம் கிளைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மொட்டுகள் அரிசிமணி அளவில் கணுவுக்குக் கணு நின்றன. என்ன அழகு! எமரன்சியாவுக்குக் கேசரித் தட்டை நீட்டவே மறந்துபோயிற்று.

சாப்பிட்டு முடித்த மரம் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டது.

"எனக்குப் பாட்டு வராதுங்க," என்றாள். "நீங்க பூத்தா, உலைல அரிசி கொதிச்சாலும் விட்டுட்டு வந்து பார்த்துக்கிட்டே நிப்பேன். அதுதான் வரும்."

மரம் நாற்காலியை விட்டு எழுந்தது. பிறகு வழக்கப்படி, வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிப் பத்தடி நடந்து தன் குழியில் இறங்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலையில் தகவல் வந்தது. அடிக்கிளையிலிருந்து நுனிவரை ஒரே வெள்ளை. ஒரு விரல் வைக்க இடமில்லை. எமரன்சியா கரண்டியும் கையுமாக ஓடிவந்து நின்றாள். உள்ளே உலை பொங்கி அடுப்பு அணைந்தது. ஜெசிந்தாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் கொடியில்கூட இத்தனை பூத்ததில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். எமரன்சியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி, வீடு மரத்தைப் பார்க்கப் புறப்பட்டது. எமரன்சியாவும் தோபியாசும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னலில் வைத்து அனுப்பினாள்.