வெட்டாமல் விட்ட இரண்டு சொல்

போதுங்களா மாமா என்று கார் கேட்கிறது, வண்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டது, இவர் சாவியைத் திருப்புகிறார், முன்னால் பதித்திருக்கும் சின்னத் திரையில் நீல வெளிச்சம் ஒருமுறை மினுங்கி அடங்குகிறது, என் மடியில் காய்கறிப் பை, முருங்கைக்காயின் நுனி கன்னத்தில் உரசுகிறது, வீடு வந்தாச்சுங்க என்று முதலில் சொன்னது, அது சரி, அதைச் சொல்லத்தான் வழி சொல்லும் பெட்டியைப் பொருத்தியிருக்கிறார், சொல்லி முடித்தபின் ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் அடிக்குரலில், சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு, போதுங்களா மாமா, நான் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன், கதவு தெறக்க வரலையா என்கிறார் இவர், கதவு நன்றாகத்தான் திறக்கும், எனக்குத்தான் வயிறு எரிகிறது. குரல் சாந்தாமணியுடையது, என் கணவருக்கு மாமன் மகள், கட்டிக்கொள்ளும் முறை உள்ளவள், வானொலியில் உழவர் நிகழ்ச்சியில் காய்கறி விலையும் மழை நிலவரமும் வாசிக்கிறவள், தக்காளி விலையைக்கூட அவள் சொன்னால் காதோடு காதாக ரகசியம் சொன்ன மாதிரி இருக்கும், அவளுடைய அப்பாவுக்கும் என் மாமியாருக்கும், கூடப் பிறந்தவர்கள்தான், ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனதால் இவருக்குச் சொந்தத்துக்கு வெளியே, அசலில் பெண் தேடினார்கள், அந்த அசல் நான். அசலில் இருந்து வந்தவள் முதல் நாளே மாமா என்று குழைய முடியுமா, ஏனுங்க என்று ஆரம்பித்தேன், தலை நரைத்தும் ஏனுங்கதான்.

வீடு முழுக்க இவருடைய கைவேலை, மில்லில் எலக்ட்ரீசியன், வேலை போக மீதி நேரமெல்லாம் ஸ்க்ரூடிரைவரோடுதான் குடித்தனம், யாரோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒன்றின் வயிற்றைப் பிளந்து இன்னொன்றுக்குக் குடல் வைப்பார், பரண்மேல் ஒன்று உட்கார்ந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது, நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிறது, இருட்டினால் வாசல் விளக்கைப் போடுகிறது, ஊறவைத்த அரிசியைத் தவிர இந்த வீட்டில் எல்லாவற்றிலும் ஒரு ஒயரைச் சொருகிவிட்டார் என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், பெருமையாகத்தான் சொன்னேன், ஓடுகிற ஃபேனைக் கழற்றுவார், அரைக்கிற மிக்சியைக் கழற்றுவார், நல்லாத்தானே ஓடுது என்றால் இன்னும் நல்லா ஓடும் என்பார். சுவருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதருக்கு எந்த ரோடு எங்கே போகிறது என்பது மட்டும் பிடிபடவே பிடிபடாது, கல்யாணமான புதிதில் பல்லடத்துக்கு விருந்து என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கிணத்துக்கடவு போர்டைப் பார்த்த பிறகுதான் திரும்பினோம், அன்றிலிருந்து வழி என் பொறுப்பு, காற்றில் நான் கத்துவது இவருக்குக் கேட்காது, அதனால் இடது தோளைத் தட்டினால் இடது, வலது தோளைத் தட்டினால் வலது, நேரே போக வேண்டும் என்றால் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருப்பேன், அந்தச் சட்டை வெயிலில் காய்ந்து சூடாக இருக்கும், உள்ளே எலும்பு அசைவது கைக்குத் தெரியும், திருப்பமே வராத ரோடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போவேன், இப்போதும் உள்ளங்கையில் அந்தச் சூடு இருக்கிறது, பையை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது.

பிறகு கார் வந்தது, பழைய வெள்ளை மாருதி, நடுவில் கியர் கம்பி, தோளைத் தட்ட முடியாது, ஆனாலும் வாய் இருக்கிறதே, பேக்கரி தாண்டி எடது, வேப்ப மரத்துக்கிட்ட மெதுவா, அந்த மஞ்சள் வீட்டைப் பாத்து நேரா, என்று சொல்லிக்கொண்டே வருவேன், இவர் தலையாட்டுவார், என்னைத் தவிர யார் சொன்னாலும் இவருக்கு வழி விளங்காது, அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒருநாள் இனிமே நீ தொண்டை கட்டக் கத்த வேண்டாம் அம்மிணி, வண்டியே சொல்லும் என்றார், எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார், டேப் ரெக்கார்டர் இருந்த இடத்தில் திரை வந்தது, சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி வந்தது, கூரைமேல் ஒரு ரூபாய்க் காசைப்போல ஒன்று ஒட்டிக்கொண்டது, அது ஆகாயத்தோடு பேசி நாம் நிற்கும் இடத்தைக் கேட்டுச் சொல்லுமாம், முதலில் இங்கிலீஷில் ஒரு பொம்பளை பேசினாள், இது நமக்கு ஆகாது, நம்ம பேச்சுல பேசோணும் என்று சொல்லிவிட்டு இவர் என் முகத்தைப் பார்த்தார், பார்த்தார் என்றுதான் நான் நினைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று பனங்கற்கண்டு போட்டு வெந்நீர்கூடக் குடித்து வைத்தேன், அன்று சாயங்காலம் ஃபோனில் சாந்தாமணியிடம் பேசிக்கொண்டிருந்தார், அவளுடைய அப்பா செத்த காரியத்தில்தான் இரண்டு குடும்பமும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தது, மாமன் செத்தால் இப்படி ஒரு வினை வரும் என்று யார் கண்டார்கள்.

அவள் ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தாள், மயில்கழுத்து நிறத்தில் சேலை, அவள் குரலைப் பதிய, வெளிச்சத்தம் புகாமல் இவர் எங்கள் படுக்கையறையின் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கதவில் மெத்தையைச் சாத்தினார், எங்கள் மெத்தை, ஃபேனை நிறுத்தினார், சமையற்கட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் மிக்சி போடாதே, குக்கர் விசில் வராம பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார், நான் பாதி வெந்த சோற்றை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சத்தம் வருமோ என்று கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், கதவுக்கு அந்தப் பக்கம், இடது பக்கம் திரும்புங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க, அடுத்த ரவுண்டானாவுல வலது என்று அவள் சொல்லச் சொல்ல இவர் உம் உம் என்பது மெத்தையைத் தாண்டி மெல்லக் கேட்டது, என் வீட்டில் என் மெத்தைக்கு இந்தப் பக்கம் கரண்டியோடு நான். சாப்பிட உட்கார்ந்தபோது, சோறு இன்னும் ஒரு கொதி வெந்திருக்கலாமுங்க்கா என்றாள் சாந்தாமணி, சிரித்துக்கொண்டே சொன்னாள், இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன்.

அப்புறம்தான் அந்த வால் தெரியவந்தது, எங்கே போய்த் திரும்பினாலும் கடைசியில் வீட்டு வாசலில் போதுங்களா மாமா, எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு அவள் கேட்டது அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாம், வெட்ட மறந்துட்டேன் என்றார், மயிரிழை ஒயரை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பற்றவைக்கிறவர், ஸ்பீக்கரில் ஒரு கொசு ரீங்காரம் இருந்தால் தூங்காதவர், மறந்தாராம், சரி, இப்ப வெட்டுங்க என்றேன், ஓடிட்டு இருக்கறதத் தொடக்கூடாது அம்மிணி, தொட்டா வேற எங்கியாவது புட்டுக்கும் என்றார், ஓடுகிற ஃபேனைத் தொட்டார், ஓடுகிற மிக்சியைத் தொட்டார், இதை மட்டும் தொடக்கூடாதாம். கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளும் அவள் வந்துவிட்டாள், தொட்டி நிறைஞ்சுதுங்க என்று பரண்மேலிருந்து அவள்தான் சொல்கிறாள், என் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, நான் பாத்திரம் விளக்கும்போது, மதியம் கண்ணயர்ந்தால் கனவிலும் அதே கார், முன்சீட்டில் மயில்கழுத்துச் சேலை, நான் எப்படியோ டிக்கியில் காய்கறியோடு கிடக்கிறேன், நேராப் போங்க நேராப் போங்க என்கிறாள், திருப்பமே இல்லாத ரோடு, நான் வேண்டிக்கொண்ட அதே ரோடு, இவர் முதுகில் ஒரு கை இருக்கிறது, யாருடைய கை என்று எட்டிப் பார்ப்பதற்குள் தொட்டி நிறைஞ்சுதுங்க என்கிறது, விழித்துக்கொள்கிறேன், அல்லது விழித்துக்கொண்ட மாதிரி கனவு காண்கிறேன், அடுத்த நாள் காரில் ஏறும்போது முன்கதவை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். என்ன இது என்றார், முன்னாடிதான் ஆள் இருக்குதே என்றேன், கடைக்கும் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் பின்சீட்டில்தான் போனேன், என்னங்க்கா, டிரைவர் வெச்சுட்டீங்களா என்று எதிர்வீட்டு ருக்குமணி கேட்டபோது ஆமாம், வழி தெரியாத டிரைவர் என்றேன், இவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன், விழுந்தது.

சரி, நீயே பேசு, அவளோடத எல்லாம் எடுத்துப்போடறேன் என்றார், அதே அறை, அதே மெத்தை, ஃபேன் நின்றதும் கழுத்தில் வேர்வை இறங்குகிறது, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பினார், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ம், சொல்லு என்றார், நான் சொல்லவில்லை, சொல்ல மறந்துபோனேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் பேசிக்கொண்டிருந்தவள் நான், பேப்பரைப் பார்த்துக்கொண்டும் கம்ப்யூட்டர் போர்டைப் பார்த்துக்கொண்டும் கேட்ட முகம்தான் எனக்குத் தெரியும், இது வேறு முகம், நான் மூச்சு விட்டால் புருவம் அசைகிறது, எச்சில் விழுங்கினால் அதையும் கேட்கிறார், என்னைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே வேண்டாம் என்பது போல உட்கார்ந்திருக்கிறார், இந்த முகம் இப்படியே இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது, அடுத்த நொடியே, இதே ஸ்டூலில் உட்கார்ந்து அவளும் இந்த முகத்தைத்தானே பார்த்திருப்பாள் என்று பற்றிக்கொண்டு வந்தது, எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள், நான் கரண்டியோடு நின்றேன். இடது பக்கம் திரும்புங்க என்றேன், திரையில் என் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது, பேசினால் மலை, நிறுத்தினால் வெறும் கோடு, கோடு வரும் இடம் பார்த்து வெட்டுவாராம், அப்படியானால் அவளுடைய கடைசி வரிக்குப் பிறகும் ஒரு வெறும் கோடு வந்திருக்கும், அதற்குப் பிறகு ஒரு குட்டி மலை நின்றிருக்கும், கண்ணுக்கு எதிரே நிற்கிற மலையை யாராவது மறப்பார்களா, கேட்கவில்லை, பேசிக்கொண்டே போனேன், மெதுவாப் போங்க, நேராப் போங்க, நேராப் போங்க என்கிறபோது கை தன்னால் நீண்டது, இவர் முதுகு எட்டவில்லை, கடைசியாக வீடு வந்தாச்சுங்க என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு பொறுத்து, போதுங்களா என்றேன், மாமா என்பதும் நாக்கு வரைக்கும் வந்தது, அசல்காரியின் வெட்கம், வரவில்லை, திரையில் வெறும் கோட்டுக்கு அப்புறம் ஒரு குட்டி மலை எழுந்து நின்றதைப் பார்த்தேன், போதும் போதும் என்று கண்ணைத் திறந்தார், அந்த முகம் போய்விட்டது, பழைய முகம் வந்து ஹெட்போனைக் கழற்றியது.

என் குரலைப் பெட்டியில் ஏற்றியபின் இன்றைக்குத்தான் முதல்முறை சந்தைக்குப் போனோம், நான் மறுபடி முன்சீட்டில், இடது பக்கம் திரும்புங்க என்று என் குரல் எனக்கே அந்நியமாக, என் அம்மா எங்கிருந்தோ கூப்பிடுவது போலச் சொல்கிறது, இவர் திரும்புகிறார், தலையாட்டுகிறார், யாரைப் பார்த்து ஆட்டுகிறார், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னை நானே கேட்டுக்கொண்டு, கத்தரிக்காய் வாங்கினோம், தக்காளி வாங்கினோம், முருங்கைக்காய் வாங்கினோம், திரும்பி வரும்போது எனக்கு வேறு எதிலும் மனசு இல்லை, அந்தக் கடைசி வரி ஒன்றுதான், அவளுடையதை விட்டுவைத்தார் அல்லவா, என்னுடையதையும் விட்டிருந்தால் போதும், அவள் கணக்கும் என் கணக்கும் நேராகிவிடும், மறந்துதான் போனார் என்று நானும் நம்பிவிடுவேன், எங்கள் தெரு திரும்புகிறது, ருக்குமணி வீட்டுச் செம்பருத்தி தெரிகிறது, வண்டி வாசலில் நிற்கிறது, வீடு வந்தாச்சுங்க என்கிறேன் நான், பெட்டிக்குள்ளிருந்து, ஒரு மூச்சு ஆயிற்று, இன்னொரு மூச்சும் ஆயிற்று, ஒன்றுமில்லை, நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவர் முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பி, இந்தத் தடவை வாலெல்லாம் சுத்தமா வெட்டிட்டேன் அம்மிணி, ஒரு பிசிறு இல்ல பாத்தியா என்கிறார், அன்றைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தமாதிரி வைத்துக்கொண்ட அதே முகம், பார்த்தேன் என்கிறேன், இவர் குனிந்து காலடியில் உருண்ட தக்காளியைத் தேடுகிறார், என் மடியில் பை கனக்கிறது, அப்போது அது என் வாயிலிருந்து வந்துவிட்டது, எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், அதே அடிக்குரலில், சிரிப்பை உதட்டுக்குள் அதே மாதிரி மடக்கிக்கொண்டு வந்தது, கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருதரம்கூடக் கூப்பிடாததைக் கூப்பிட்டேன், போதுங்களா மாமா. இவர் சட்டென்று நிமிர்ந்தார், தக்காளியைக் கையில் பிடித்தபடி, கண்கள் விரிய, என்னைத் தாண்டி நேரே திரையைப் பார்த்தார், அழிச்சுட்டனே, மறுக்கா எப்படி வருது என்று அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், மறுபடியும் அந்த முகம், பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீல வெளிச்சம் மினுங்கி அடங்கிவிட்டது.