வலிக்காத கொப்புளம்

1

இந்தக் கதை என் கை தவறியதில் பிறந்தது. மற்றவர்களுக்கு முதல் வரி கனவில் வருமாம். எனக்கு டீ கொட்டினால்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய டீயைத் தட்டோடு ஏந்தி வந்தவன், கால்மிதியில் தடுக்கி, ஒரு டம்ளரை முழுசாக மாமாவின் வலது பாதத்தில் கவிழ்த்தேன்.

மாமா என்றால் அக்கா கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். என் மகள் உட்பட, ஏறுகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் வேன் மாமா. அவர் கால் அசையவில்லை. வேனின் கியர் படுத்தும் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்ததையும் நிறுத்தவில்லை. தரையில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான், "பரவால்ல மாப்ளே, டம்ளர் உடையல இல்ல?" என்றார்.

என்ன பொறுமை, என்ன பொறுமை என்று வியந்தபடி வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கொதிக்கும் டீயைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்ட அந்தப் பாதம்..." (நானே கூச்சப்பட்டு அடித்தது.)

இரண்டாம் தொடக்கம்: "அவருடைய பின்கழுத்தின் கருப்பு, வெயில் போட்ட கையெழுத்து. முழங்காலுக்குக் கீழே வட்ட வட்டமான பழுப்புத் தழும்புகள், வாழ்க்கை அவருக்குக் கொடுத்த..."

வாழ்க்கை அவருக்கு என்னதான் கொடுத்தது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"நீ கொட்டின எடத்துல கோழிமுட்டை சைசுக்குக் கொப்புளம்டா.* சாயங்காலம் வரைக்கும் அவருக்கே தெரியல. நான் பாத்துச் சொன்னேன்."

"ரொம்ப வலிக்குதாமா?"

"வலியே இல்லையாம். அதான் எனக்குப் பயமா இருக்கு."

மாமாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், மற்றவர்கள் பேசினால் வண்டி கழுவப் போய்விடுவார். ஆக, என் பொறுமைசாலி காலி.

(* அக்காவின் கணக்கு அது. நான் பார்த்தபோது நெல்லிக்காய் அளவுதான். கதையில் முட்டையே இருக்கட்டும்.)

3

மறுநாளும் பள்ளிக்கு விடுமுறை. தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளம்பெண். கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் பின்கழுத்தைப் பார்த்தார்.

"வெயில்லயே இருக்கறோம் இல்லீங்களா," என்றார் மாமா.

"வெயில் இல்லீங்க. இன்சுலின் இருந்தும் உடம்பு அதுக்கு மசியலன்னா இப்படித் தடிச்சுக் கருக்கும். கால்ல இருக்கற புள்ளிங்களும் சர்க்கரையாலதான். அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்குப் பாதம்தான் முக்கியம். கண்ண மூடுங்க, தொடும்போது சொல்லுங்க."

(என் இரண்டாம் தொடக்கமும் போயிற்று.)

டாக்டர் விறைப்பான நைலான் இழை ஒன்றை எடுத்தார். மாமா "ம்" என்றார். டாக்டர் இன்னும் தொடவில்லை. தொட்டார், மாமா சும்மா இருந்தார். கொஞ்சம் பொறுத்து, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல் இன்னொரு "ம்".

"என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்து பாக்கற வேலைதாங்க."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தோலின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தேன்.

[ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் அந்த வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளி டீயைக் கொட்டலாம்; மாமாவின் பிழைப்பைக் கொட்டலாமா?]

4

முடிவு அ: கொப்புளம் ஆறுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். (களிம்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: மழை. வேனுக்கு முன்னால் திடீரென்று ஒரு நாய்க்குட்டி. மாமா பிரேக்கை

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டாவது சீட்டில், ஜன்னலோரம், என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஏற்றிவிட்டவன் நான்தான், எழுத்திலிருந்து அவளை எப்படி இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

முடிவு இ: வாசகரிடமே விட்டுவிடுவது. கௌரவமான வழி. மாட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் எல்லோரும் செய்வது.

5

அன்று மாலையே அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மாமா கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடிவு இ வந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"வாசகரா நாளைக்கு வண்டி எடுக்கப் போறாரு?"

மாமா சிரித்தார். "கதை நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா என் கழுத்தப் பத்தி அவ்வளவு எழுதணுமா?"

காகிதங்களைக் கீழே வைத்தேன். இதற்குமேல் எழுத்தாளனாக இருப்பதில் பிரயோசனமில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். பிரேக்ல கால் வெச்சா, வெச்சது தெரியுதா?"

"இத்தன வருஷ சர்வீஸ்டா. கால் தானா போகும்."

"போறதக் கேக்கல மாமா. தெரியுதா?"

அக்காவின் கை பாதி மடித்த துணியில் நின்றது. மாமா தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல. குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கறேன். நாளைக்கு வேற டிரைவருக்குச் சொல்லிடறேன். சாவி ஆணில தொங்குது, நீ உன் பையில போட்டுட்டுப் போயிடு. காலைல எனக்கு மனசு மாறிடும்."